உங்கள் வக்கீலிடம் இருக்கும் கோப்பை வெளியிடுங்கள்

அமெரிக்க அதிபர்களின் வாழ்க்கையைப் படமாக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,



ஆப்ரகாம் லிங்கனின் சட்டைப்பைக் கடிகாரம் எப்படி ஒலித்தது என்று அறிய உங்களவர்கள் கென்டக்கி மாநிலம் வரை போனார்கள். அங்குள்ள வரலாற்றுச் சங்கம் பாதுகாத்து வைத்திருக்கும் லிங்கனின் சொந்தக் கடிகாரத்தின் டிக் டிக் ஓசையைப் பதிவு செய்து, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'லிங்கன்' (2012) படத்தில் சேர்த்தார்கள். டேனியல் டே-லூயிஸ் கணீரென்ற மேடைக் குரலை ஒதுக்கிவிட்டுச் சன்னமான, உயர்ந்த குரலில் பேசினார். லிங்கனை நேரில் கேட்டவர்கள் எழுதி வைத்திருப்பதும் அப்படிப்பட்ட குரலைப் பற்றித்தான். அந்த நடிப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான்.

அதே படத்தில்தான், அடிமை முறையை ஒழிக்கும் 13-ஆவது சட்டத்திருத்தத்தின் மீது 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் நடந்த வாக்கெடுப்பில், கனெக்டிகட் மாநில உறுப்பினர்கள் இருவரை 'இல்லை' என்று சொல்ல வைத்தீர்கள். அன்று கனெக்டிகட்டுக்கு அந்தச் சபையில் நான்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். நால்வரும் 'ஆம்' என்றே வாக்களித்தார்கள். கடிகாரத்தின் ஓசைக்குக் கிடைத்த மரியாதை அந்த நால்வரின் வாக்குக்குக் கிடைக்கவில்லை.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் கனெக்டிகட்டின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜோ கோர்ட்னி. 2013 பிப்ரவரியில், ஆஸ்கர் விழா நெருங்கிய சமயத்தில், நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவிடம் பழைய பதிவுகளைச் சரிபார்த்துவிட்டு ஸ்பீல்பெர்க்குக்குக் கடிதம் எழுதினார். டிவிடி வருவதற்குள்ளாவது திருத்துங்கள் என்பதே அவர் கேட்டது. ஆஸ்கர் நேரத்து விளம்பரம் என்று சிலர் கிண்டல் செய்தார்கள். இருக்கலாம், அதனால் அவர் எடுத்துக் காட்டிய தவறு தவறில்லை என்று ஆகிவிடாது.

திரைக்கதை எழுதிய டோனி குஷ்னர் பதில் சொன்னார். ஓடி ஒளியவில்லை என்பதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். இரண்டு வாக்குகளை மாற்றியதையும், அப்படி வாக்களித்தவர்களுக்குக் கற்பனைப் பெயர்களைச் சூட்டியதையும் ஒப்புக்கொண்டார். திருத்தம் மயிரிழையில்தான் நிறைவேறியது என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்தவே அப்படிச் செய்ததாக விளக்கினார். அன்றைய வாக்கெடுப்பு உறுப்பினர் பெயர்களின் அகரவரிசையில் நடந்தது; படத்தில் அது மாநில வாரியாக நடக்கும். அதுவும் தெரிந்தே செய்த மாற்றம்தான்.

ஆனால் அன்றைய கணக்கைப் பாருங்கள். ஆதரவு 119, எதிர்ப்பு 56. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவை 117. தேவைக்கு மேல் விழுந்தவை இரண்டே வாக்குகள். இதைவிடப் பரபரப்பான கணக்கை எந்தத் திரைக்கதை ஆசிரியர் புனைந்துவிட முடியும்? அதோடு, கனெக்டிகட்டின் நால்வரில் ஒருவரான ஜேம்ஸ் இங்கிலிஷ் ஜனநாயகக் கட்சிக்காரர். அவருடைய கட்சியில் பெரும்பாலோர் திருத்தத்தை எதிர்த்து நின்றபோது அவர் எழுந்து 'ஆம்' என்றார். அவையில் கைதட்டல் எழுந்தது. நீங்கள் தேடிய திருப்பம் நாடாளுமன்றக் குறிப்பேட்டிலேயே, அதுவும் அதே மாநிலத்தின் பெயரில், எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டு நடக்காத ஒன்றை எடுத்தீர்கள்.

இந்த மடல் கற்பனைக்கு எதிரானது என்று நினைத்துவிட வேண்டாம். ரான் ஹோவர்டின் 'ஃப்ராஸ்ட்/நிக்ஸன்' (2008) படத்தில் ஒரு நள்ளிரவுத் தொலைபேசி அழைப்பு வரும். குடிபோதையில் இருக்கும் முன்னாள் அதிபர் ரிச்சர்டு நிக்ஸன், தன்னைப் பேட்டி காணும் டேவிட் ஃப்ராஸ்டிடம் மனத்தில் கிடந்த கசப்பையெல்லாம் கொட்டுவார். படத்தின் உச்சமே அந்தக் காட்சிதான். அப்படியோர் அழைப்பு நடக்கவே இல்லை. திரைக்கதை எழுதிய பீட்டர் மார்கன் முழுக்க முழுக்கப் புனைந்தது. நிக்ஸன் என்ற மனிதரின் தாழ்வு மனப்பான்மையை ஐந்தே நிமிடத்தில் காட்டும் அந்தக் காட்சியை வெட்டி எறியச் சொல்பவர் சினிமாவை அறியாதவர். 1977-இல் எடுக்கப்பட்ட உண்மைப் பேட்டியின் ஒளிநாடாக்கள் இன்றும் இருக்கின்றன. பேட்டியில் என்ன நடந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அந்த அழைப்பு பேட்டியில் சேர்ந்ததா, படத்தில் மட்டும் வந்ததா என்று உங்கள் பார்வையாளர் எந்த இடத்தில் போய்ப் பார்ப்பார்? கேள்வி அவ்வளவுதான்.

படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ஓர் அறிவிப்பு போடுகிறோமே என்பீர்கள். உண்மைச் சம்பவங்களைத் தழுவியது, சில காட்சிகள் நாடகத் தன்மைக்காக மாற்றப்பட்டவை என்று பொடி எழுத்தில் ஓடுமே, அது. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1932-இல் எம்ஜிஎம் ரஸ்புடினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் வரும் ஓர் இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள், அது தனக்கு அவமானம் என்று ரஷ்ய இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டு 1934-இல் வென்றார். அதன் பிறகுதான் படத்தில் வருபவர்கள் யாரையும் குறிப்பவர்கள் அல்ல என்ற வாசகம் படங்களில் நிலைத்தது. இந்த அறிவிப்புகளின் பூர்வீகம் நீதிமன்றம். தயாரிப்பாளரின் பணப்பையைக் காக்கப் பிறந்தவை அவை. பார்ப்பவருக்கு எதையும் விளக்குவது அவற்றின் வேலையாக இருந்ததே இல்லை.

அவை விளக்குவதில்லை என்பதற்குச் சோதனைச் சான்றே உண்டு. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பட்லரும் சக உளவியலாளர்களும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சரியான வரலாற்றுப் பாடத்தைப் படிக்கக் கொடுத்தார்கள்; அதே வரலாற்றைத் தவறாகக் காட்டும் சினிமாத் துண்டையும் பார்க்க வைத்தார்கள். பின்னர் கேள்வி கேட்டால், பாடத்தைப் படித்திருந்தும் ஏறக்குறைய பாதி இடங்களில் மாணவர்கள் சினிமாவின் தவறையே விடையாக எழுதினார்கள். சினிமாவில் பிழைகள் இருக்கலாம் என்று பொதுவாக எச்சரித்தது பெரிதாகப் பலிக்கவில்லை. இந்தக் காட்சியில் இந்த விவரம் தவறு என்று குறிப்பாகச் சுட்டிக் காட்டியபோதுதான் தவறு பெருமளவு குறைந்தது.

இந்த முடிவை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். நீங்கள் போடும் பொடி எழுத்து அறிவிப்பு அந்தப் பலிக்காத வகையைச் சேர்ந்தது.

குஷ்னர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: நடந்ததை நடந்தபடியே சொன்னால் வரலாறு, சற்று மாற்றிச் சொன்னால் அது வரலாற்று நாடகம் என்ற பாகுபாடு. நல்ல பாகுபாடுதான். ஆனால் அந்தப் படத்தின் குறுந்தகடுகளை அமெரிக்காவின் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு இலவசமாக வழங்கப்போவதாகத் தயாரிப்புத் தரப்பே 2013-இல் அறிவித்தது. வகுப்பறைக்குள் அனுப்பும்போது அது பாடத் துணைப்பொருள். கேள்வி எழும்போது அது நாடகம். இரண்டு வேடத்தையும் ஒரே படத்துக்குப் போட்டுவிட்டு, எப்போது எந்த வேடம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வது எப்படி நியாயமாகும்?

ஒரே மனிதரைத் திரை எப்படியெல்லாம் மாற்றுகிறது என்பதற்குத் தாடியஸ் ஸ்டீவன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர், அடிமை ஒழிப்பில் சமரசமே காட்டாதவர். 1915-இல் கிரிஃபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்தில் அவரை மாதிரியாக வைத்து ஆஸ்டின் ஸ்டோன்மன் என்ற பாத்திரம் வந்தது. தென்மாநில வெள்ளையரைப் பழிவாங்கத் துடிக்கும், வைப்பாட்டியின் பேச்சைக் கேட்கும் கிழவர் அவர். 1942-இல் எம்ஜிஎம் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் வாழ்க்கையை 'டென்னஸி ஜான்சன்' என்று எடுத்தபோது ஸ்டீவன்ஸ் மறுபடி வில்லன் ஆனார். கறுப்பின அமைப்புகள் எதிர்த்தன, போர்க்காலத் தகவல் அலுவலகமும் தலையிட்டது, சில காட்சிகளை மறுபடி எடுத்து ஸ்டீவன்ஸைச் சற்று மென்மையாக்கினார்கள். ஆனால் படத்தின் உச்சக்காட்சி அப்படியே நின்றது: தன்மீதான குற்ற விசாரணையில் ஜான்சன் செனட் அவைக்கு வந்து உருக்கமாகப் பேசுவார். 1868-இல் நடந்த அந்த விசாரணைக்கு ஜான்சன் வரவே இல்லை. அவருடைய வழக்கறிஞர்கள்தான் வாதாடினார்கள். ஒரே ஒரு வாக்கில் அவர் தப்பினார். 1866-இல் குடிமை உரிமைகள் சட்டத்தை அவர் தன் அதிகாரத்தால் தடுக்கப் பார்த்ததையும், நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியதையும் பார்வையாளர் தாமாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுபது ஆண்டு கழித்து 'லிங்கன்' படத்தில் டாமி லீ ஜோன்ஸ் அதே ஸ்டீவன்ஸை நாயகனாக்கினார். வரலாற்றாய்வு இடையில் மாறிவிட்டிருந்தது, நல்ல காலம். அதிலும் ஒரு காட்சி: நிறைவேறிய திருத்தத்தின் மூலப் பிரதியை ஸ்டீவன்ஸ் வீட்டுக்கு எடுத்துப்போய், தன்னுடன் வாழும் கறுப்பினப் பெண்மணி லிடியா ஹாமில்டன் ஸ்மித்திடம் கொடுப்பார், இருவரும் ஒரே படுக்கையில் இருப்பார்கள். லிடியா பல்லாண்டு அவருடைய வீட்டை நிர்வகித்தவர் என்பது உண்மை. அக்கம்பக்கத்தார் முணுமுணுத்ததும் உண்மை. உறவைப் பற்றி உறுதியான சான்று இல்லை. 1915-இல் ஸ்டீவன்ஸை இழிவுபடுத்தப் பயன்பட்ட அதே வதந்தி 2012-இல் அவரை உயர்த்தப் பயன்பட்டது. இது சுவாரஸ்யமான விஷயமா இல்லையா? படம் பார்த்த எத்தனை பேருக்கு இது போய்ச் சேர்ந்திருக்கும்?

சேர்த்தவற்றைப் பற்றிய கணக்கு இது. விட்டவற்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும். வரலாற்றாசிரியர் கேட் மேசர் 2012-லேயே எழுதினார்: 'லிங்கன்' படத்தில் கறுப்பினத்தவர் விடுதலைக்காகக் காத்திருப்பவர்களாகவே வருகிறார்கள், அதற்காக உழைத்தவர்களாக வருவதில்லை. பார்வையாளர் மாடத்தில் மேரி லிங்கனுக்கு அருகில் அமர்ந்திருக்கும் எலிசபெத் கெக்லி, தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். போரில் தப்பி வாஷிங்டனுக்கு வந்த அடிமைகளுக்கு உதவ 1862-இல் ஒரு சங்கத்தைத் தொடங்கியவர். 1868-இல் தன் நினைவுகளை நூலாக எழுதியவர். திரையில் அவர் கலங்கிய கண்களுடன் அமர்ந்திருக்கும் தையற்காரி. அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் படத்தில் இல்லவே இல்லை. படம் காட்டும் அதே மாதங்களில், 1865 மார்ச் 4 அன்று, லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு வரவேற்புக்கு டக்ளஸ் வெள்ளை மாளிகைக்கே வந்திருந்தார். திருத்தம் நிறைவேறிய இரண்டே வாரத்தில், பிப்ரவரி 12 அன்று, ஹென்றி ஹைலண்ட் கார்னெட் அதே பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் பிரசங்கம் செய்தார். அங்கே பேசிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். இரண்டரை மணி நேரப் படத்துக்குள் எல்லாரையும் அடைக்க முடியாது என்பது நியாயமான பதில். அந்தப் பதிலை எங்காவது எழுதி வைத்தால் போதும்.

'வில்சன்' (1944) பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஐந்து ஆஸ்கர் வென்ற அந்தப் படத்தில், உட்ரோ வில்சனின் ஆட்சியில் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்கள் தனியே பிரித்து உட்கார வைக்கப்பட்ட கதை வராது. அண்மைக் காலத்துக்கு வந்தால் 'ரீகன்' (2024). ஓர் அதிபரின் வாழ்க்கை முழுவதையும் விக்டர் பெட்ரோவிச் என்ற முன்னாள் சோவியத் உளவாளி சொல்லிக்கொண்டே போவார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. ரொனால்டு ரீகன் சினிமாவிலிருந்து வந்தவர், நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர். கற்பனைக் கதைசொல்லியை அவரே ரசித்திருக்கக்கூடும். ஆனால் அவரைப் பற்றிச் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி உண்மையில் என்ன நினைத்தது என்று அறிய விரும்பும் பதினாறு வயதுப் பெண் அந்தக் கிழவரின் வாயிலிருந்து வருவதில் எதை நம்புவாள்?

உங்களிடம் கேட்க வந்தது இப்போது.

உங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரிந்த, வெளியில் பலருக்கும் தெரியாத ஓர் ஆவணம் இருக்கிறது. உண்மை மனிதர்களைப் பற்றிப் படம் எடுக்கும்போது, அவதூறு வழக்கு வந்தால் ஈடுகட்டும் காப்பீடு எடுக்க வேண்டும். அதற்குக் காப்பீட்டு நிறுவனமும் அதன் வழக்கறிஞர்களும் சான்றுக் குறிப்புகளோடு கூடிய திரைக்கதையைக் கேட்பார்கள். ஒவ்வொரு பாத்திரமும் உண்மை மனிதரா, பலரைச் சேர்த்து உருவாக்கியவரா, முழுக் கற்பனையா. ஒவ்வொரு காட்சிக்கும் வசனத்துக்கும் ஆதாரம் எந்த நூல், எந்தப் பக்கம், எந்தப் பேட்டி என்று ஓரத்தில் எழுதித் தர வேண்டும். மாதக்கணக்கில் உங்கள் உதவியாளர்கள் உட்கார்ந்து தயாரிக்கும் கோப்பு அது. வழக்கறிஞர் பார்த்துத் தலையசைத்ததும் அலமாரிக்குள் போய்விடுகிறது.

அந்தக் கோப்பை, படம் வெளியாகும் நாளிலேயே, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுங்கள். இம்மடலின் கோரிக்கை இதுதான்.

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். உங்களில் மிகவும் திட்டு வாங்கிய ஒருவர் இதைச் செய்திருக்கிறார். ஆலிவர் ஸ்டோன் 'ஜேஎஃப்கே' (1991) படத்துக்குப் பிறகு ஆய்வுக் குறிப்புகளோடு திரைக்கதையை நூலாக்கினார். படத்தைக் கண்டித்து வந்த கட்டுரைகளும் அதே நூலில் இடம்பெற்றன. 'நிக்ஸன்' (1995) படத்துக்கும் அடிக்குறிப்புகளுடன் திரைக்கதை அச்சில் வந்தது. அந்தக் குறிப்புகளால் ஸ்டோன் சொன்னது எல்லாம் சரி என்று ஆகிவிடவில்லை. கென்னடி கொலை பற்றிய அவருடைய கோட்பாட்டை ஏற்காத வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் எந்த வரி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் ஸ்டோன் தாவினார் என்று விரல் வைத்துச் சண்டை போட முடிகிறது. பெரும்பாலான உங்கள் படங்களோடு சண்டை போடக்கூட வழியில்லை. 'லிங்கன்' படம் டோரிஸ் கெர்ன்ஸ் குட்வினின் நூலை ஓரளவு தழுவியது என்று டைட்டில் சொல்கிறது. அந்தத் தடித்த நூலில் 13-ஆவது திருத்தத்தின் கதைக்குக் கிடைத்தது சில பக்கங்களே. மீதியை எங்கிருந்து எடுத்தீர்கள்?

உங்களுக்கும் இதில் லாபம் உண்டு. ஆவா டுவெர்னேயின் 'செல்மா' (2014) வந்தபோது, அதிபர் லிண்டன் ஜான்சனை மார்ட்டின் லூதர் கிங்கின் எதிரி போலக் காட்டிவிட்டார்கள் என்று ஜான்சனின் பழைய உதவியாளர் ஜோசப் கலிஃபானோ கடுமையாக எழுதினார். 1965 ஜனவரி 15 அன்று ஜான்சனும் கிங்கும் பேசிய தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவு இருக்கிறது. அதில் ஜான்சன் வாக்குரிமைப் போராட்டத்துக்கு ஊக்கமே கொடுக்கிறார். அதே சமயம், கலிஃபானோ அந்த இயக்கமே ஜான்சனின் யோசனை என்கிற அளவுக்குப் போனதும் அதீதம்தான். அதே படத்தில் கிங்கின் உரைகளில் ஒரு வரிகூட அவருடைய சொந்த வரி இல்லை. உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால் டுவெர்னே அவற்றைத் தாமே புதிதாக எழுத நேர்ந்தது. இவற்றையெல்லாம் முதல் நாளே எழுதி வெளியிட்டிருந்தால், அந்தச் சர்ச்சையில் பாதி அவருடைய திறமையைப் பற்றிய பேச்சாக மாறியிருக்கும்.

உயிரோடு இருக்கும் அதிபரைப் பற்றிய படத்துக்கு இது இன்னும் அவசியம். டொனால்டு டிரம்பின் இளமையைச் சொல்லும் 'தி அப்ரெண்டிஸ்' 2024-இல் கான் விழாவில் திரையிடப்பட்டதும், அப்போது முன்னாள் அதிபராகவும் மறுபடி வேட்பாளராகவும் இருந்த அவருடைய தரப்பிலிருந்து படத்தை நிறுத்தச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் போனது. படம் அக்டோபரில் வெளியானது. அதில் அதிகம் பேசப்பட்ட ஒரு வன்முறைக் காட்சிக்கு மூலம், விவாகரத்து வழக்கில் இவானா டிரம்ப் அளித்த வாக்குமூலம். டிரம்ப் அதை மறுத்தார். இவானாவும் 2015-இல் அந்தக் குற்றச்சாட்டில் சாரமில்லை என்றார். வாக்குமூலம், மறுப்பு, பின்னாளைய கூற்று மூன்றையும் தேதியோடு ஒரே பக்கத்தில் பார்வையாளர் முன் வைத்தால், படத்தை விரும்புகிறவரும் வெறுப்பவரும் குறைந்தது ஒரே தாளை வைத்துக்கொண்டு வாதாடலாம்.

இறந்தவர்களுக்கு அந்த வக்கீல் நோட்டீஸும் கிடையாது. அமெரிக்கச் சட்டத்தில் இறந்தவர் பெயரால் அவதூறு வழக்குப் போட முடியாது. லிடியா ஹாமில்டன் ஸ்மித்துக்கோ 1865-இன் ஓர் உறுப்பினருக்கோ உங்களிடம் வந்து கேட்க ஆளில்லை. பழைய காலத்தைப் பற்றிய படம் என்றால் கோப்பு இன்னும் கவனமாக இருக்க வேண்டிய காரணம் இதுவே.

ரகசியமாகத் தகவல் தந்தவர்களின் பெயரை மறைத்துக்கொள்ளுங்கள். உரிமைச் சிக்கல் உள்ள பக்கங்களை நீக்குங்கள். படத்தின் மாயம் கலைந்துவிடும் என்று பயந்தால் கோப்பின் முதல் பக்கத்தில், படம் பார்த்த பிறகு திறக்கவும் என்று எழுதுங்கள். ஆனால் நடந்தது எது, சுருக்கியது எது, புனைந்தது எது என்று காட்சி வாரியாகச் சொல்லுங்கள்; முக்கியமான ஒருவரை விட்டிருந்தால் ஏன் விட்டீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பள்ளிகளுக்குப் பிரதி அனுப்புவதானால் இந்தக் கோப்பும் அதனுடனே போகட்டும். வசன வரிகளை எத்தனை மொழிகளில் பெயர்க்கிறீர்களோ அத்தனை மொழிகளிலும் இதைத் தாருங்கள். லிங்கனையும் நிக்ஸனையும் உங்கள் படத்தின் வழியாக மட்டுமே அறிகிற, கையில் வேறு பாடநூல் இல்லாத பார்வையாளர்கள் உங்கள் நாட்டுக்கு வெளியேதான் அதிகம்; கென்டக்கி வரை போய்க் கடிகாரத்தைக் கேட்டு வர அவர்களால் ஆகாது.

அடுத்த அதிபர் படத்துக்கான காப்பீட்டுப் பேச்சு இந்நேரம் ஏதோ ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்துகொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: சான்றுக் குறிப்புத் திரைக்கதை, பட வெளியீட்டு நாளில் பொதுப் பார்வைக்கு.

இப்படிக்கு,
உங்கள் படங்களைக் கட்டணம் கட்டிப் பார்க்கும் பார்வையாளர்கள் சார்பில்